புவனாக்காவின் எருமைப் பாட்டு

செய்தி வந்தபோது நான் பரந்தன் சந்தியில் மோட்டார் சைக்கிளுக்குப் பெற்றோல் அடிக்க வரிசையில் நின்றேன். புவனாக்கா நடத்திய எங்கள் சேர்ந்திசைக் குழுவில் மேற்குரல் பாடும் சுகந்தி எடுத்திருந்தாள். "அண்ணா, புவனாக்கா விடிய எழும்பேல்லையாம். படுத்த பாயிலயே..." என்றாள். நான் வரிசையை விட்டு அப்படியே உருத்திரபுரத்துக்கு வெளிக்கிட்டேன். பாதி வழியில் பெற்றோல் முடிந்து வண்டி நின்றது. வாய்க்கால் ஓரமாகத் தள்ளிக்கொண்டு போகும்போது சட்டைப் பையில் கைபேசி அதிர்ந்துகொண்டே இருந்தது. எடுத்துப் பார்த்தேன். அவரைக் குளிப்பாட்டி முடிப்பதற்குள் அஞ்சலிகள் வரத் தொடங்கிவிட்டன. "மௌனத்தை இசையாக்கிய மேதை மறைந்தார்" என்று ஒன்று. "பேசாமல் பேசிய வன்னியின் குரல் ஓய்ந்தது" என்று இன்னொன்று. நடு வீதியில் வண்டியை நிறுத்திவிட்டு வாய்விட்டுத் திட்டினேன்.

அவரை அறிந்த உங்களுக்கு நான் சொல்லவேண்டியதில்லை. புவனாக்கா மௌனத்துக்கும் தனக்கும் ஒரு சம்பந்தமும் இல்லாமல் வாழ்ந்த மனுசி. சந்தைக்குப் போனால் அவர் பேரம் பேசுவது அடுத்த தெருவுக்குக் கேட்கும். பஸ்ஸில் ஏறினால் நடத்துனரோடு தொடங்கி, இறங்குவதற்குள் பஸ் முழுவதையும் கதைக்க வைத்துவிடுவார். இரவு பகலாக அவர் பாடுபட்டது சத்தத்துக்காக. நல்ல, சுத்தமான, ஒன்றோடொன்று இழைந்த சத்தத்துக்காக. அப்படிப்பட்டவருக்கு மௌனத்தின் பெயரில் மாலை போடுகிறார்கள். அந்த மாலை எங்கிருந்து வந்தது என்பதை இங்கே எழுதி வைக்கிறேன். அவர் இருந்தபோது எத்தனையோ தடவை அதைச் சொன்னார். ஒருவரும் காது கொடுக்கவில்லை.

கண்டாவளையில் மூடிக்கிடந்த ஓர் அரிசி ஆலையின் மண்டபத்தில்தான் நாங்கள் பாட்டுப் பழகினோம். உதிரிப்பாகக் கடையில் நின்ற என்னைக் கீழ்க்குரலுக்குப் பிடித்துக்கொண்டு போனவர் அவர்தான். முதல் நாளே என் பகுதியை ஒழுங்காகப் பாடிக் காட்டினேன். பாராட்டை எதிர்பார்த்து நின்றேன். "உன்ர பாட்டை நீ பாடுறது பெரிய கெட்டித்தனமில்லை. பக்கத்தில நிக்கிறவள் இப்ப என்ன பாடினவள்? அதைப் பாடு பாப்பம்" என்றார். எனக்கு ஒரு வரியும் வரவில்லை. "அப்ப நீ தனியத்தான் பாடியிருக்கிறாய். தனியப் பாடுறதுக்குக் குளிக்கிற இடம் இருக்கு" என்றார். பிறகு வாரத்தில் ஒரு நாள் எல்லோரும் அடுத்தவருடைய பகுதியைப் பாடவேண்டும் என்பது குழுவின் சட்டமானது.

பாட்டு எங்களுக்குத் தொழில் என்பதில் அவர் இம்மியும் விட்டுக்கொடுக்கவில்லை. இங்கே பாடுகிறவர்களுக்குச் சம்பளம் என்றால் சிரிப்பார்கள். ஒரு பிரமுகர் தன்னை வரவேற்க எங்களைப் பாடச் சொல்லி ஆள் அனுப்பினார். வந்தவர், "பிள்ளையளுக்குப் பின்னேரச் சாப்பாடு நாங்கள் பாப்பம்" என்றார். புவனாக்கா கேட்டார்: "பந்தல் போடுறவருக்கும் சாப்பாடு மட்டும்தானோ?" இல்லை, அவருக்குக் கூலி உண்டு என்றார் வந்தவர். "அப்ப அவரையே பாடச் சொல்லுங்கோ. பந்தலும் பாட்டும் ஒரே செலவில முடியும்." வந்தவர் தேத்தண்ணீரைக் குடிக்காமல் போனார்.

புவனாக்காவின் தாய் தகப்பன் மலையகத் தோட்டத்திலிருந்து கலவரத்துக்குத் தப்பி வந்து உருத்திரபுரத்தில் குடியேறியவர்கள். அவர் பிறந்ததும் வளர்ந்ததும் இங்கேதான். ஆனாலும் "நீங்கள் இஞ்சத்த ஆக்களோ?" என்ற கேள்வி கடைசிவரை அவரை விடவில்லை. வெளிநாட்டுப் பத்திரிகை ஒன்று அவரை வன்னி மண்ணின் குரல் என்று எழுதியதும் கேட்ட வாய்களே "எங்கட புவனா" என்று மாறிக்கொண்டன. அவர் அதைப் பார்த்துச் சிரித்தார். எனக்குத்தான் இன்றுவரை சிரிப்பு வரவில்லை.

இனி எருமைப் பாட்டுக்கு வருகிறேன். அவருடைய அப்பாவிடம் ஓர் எருமை இருந்தது. கட்டையில் நிற்காத எருமை. ஒரு மாரிகாலத்தில் அது காணாமல்போய், ஒழுங்கைச் சனமே திரண்டு தேடி, கடைசியில் கோயில் கேணிக்குள் கழுத்தளவு தண்ணீரில் சுகமாகக் கிடந்ததாம். அப்பா அன்றைக்குத் திட்டிய திட்டை எல்லாம் சேர்த்துப் புவனாக்கா ஒரு பாட்டுக் கட்டினார். ஆண்குரல்கள் எருமையைத் திட்டும். பெண்குரல்கள் எருமையின் பக்கம் நின்று நியாயம் கதைக்கும். நடுவில் தேடுகிறவர் "ஹோய்" என்று கூப்பிட்டுவிட்டு, மணிச்சத்தம் கேட்கிறதா என்று காது கொடுப்பார். அந்த இடத்தில் தாளத்தில் நான்கு தட்டு இடைவெளி. பிறகு சுகந்தியின் குரலில் எருமையின் கழுத்து மணி. சபை சிரிப்பதற்கென்றே செய்த பாட்டு.

கொழும்பில் ஒரு பெரிய மண்டபத்தில் அதைப் பாடினோம். நல்ல சபை, நல்ல நாள், குரல்கள் எல்லாம் இடத்தில் இருந்தன. "ஹோய்" என்று கூப்பிட்டு நாங்கள் நிறுத்திய அதே நேரம் பின்கதவு திறந்தது. பிரதம விருந்தினர் பிந்தி வந்தார். முன்வரிசையில் இருந்தவர்கள் மரியாதைக்கு எழுந்தார்கள். முன்வரிசை எழுந்தால் பின்வரிசை இருக்குமா? மண்டபம் முழுதும் எழுந்து நின்றது.

எங்கள் ஊர்களில் ஒரு மண்டபமே எழுந்து நின்றால் அதற்கு ஒரே அர்த்தம்தான். அகவணக்கம். விளையாட்டுப் போட்டியோ, வாசிகசாலைத் திறப்போ, எந்த நிகழ்ச்சியானாலும் முதலில் எல்லோரும் எழுந்து இறந்துபோனவர்களுக்காகத் தலை குனிந்து நிற்போம். ஒலிவாங்கியில் ஒருவர் "நன்றி, அமருங்கள்" என்று சொல்லும்வரை இருமல் வந்தாலும் விழுங்கிக்கொள்வோம். சின்ன வயதிலிருந்து உடம்பில் ஊறிய பழக்கம். மேடையில் நின்ற நாங்கள் யோசிக்கவே இல்லை. எழுந்து நின்ற சபையைக் கண்டதும் தலைகள் தாமாகவே குனிந்தன. சுகந்தியின் மணி ஒலிக்கவில்லை.

புவனாக்கா சபைக்கு முதுகு காட்டி நின்றார். பின்னால் நடந்தது அவருக்குத் தெரியாது. கையைக் கீழே கொண்டுவந்தார், ஒருவரும் பாடவில்லை. திரும்பவும் உயர்த்தினார். சபையோ மேடை தலை குனிந்து நிற்பதைப் பார்த்து, இதுவும் பாட்டில் ஒரு பகுதியாக்கும் என்று நினைத்து, உட்காரப் பயந்து தானும் தலை குனிந்தது. பிரதம விருந்தினர் நடைபாதையிலேயே நின்றுவிட்டார். நன்றி சொல்லி எங்களை விடுவிக்க அந்த மண்டபத்தில் ஆள் இல்லை. கடைசியில் புவனாக்கா பல்லைக் கடித்துக்கொண்டு மணியின் சுருதியைத் தானே முனகிக் கொடுத்தார். பாட்டு மறுபடி எழுந்து எப்படியோ கரை சேர்ந்தது. முடிந்தபோது சனம் கண்ணைத் துடைத்துக்கொண்டு கைதட்டியது.

திரைக்குப் பின்னால் வந்ததும் வராததுமாக அவர் கேட்டார்: "ஆர் செத்தது? இப்ப ஆர் செத்ததெண்டு எல்லாரும் தலையைக் குனிஞ்சனீங்கள்?"

"சனம் எழும்பிச்சுது அக்கா. அகவணக்கம் எண்டு நினைச்சுப்போட்டம்" என்றாள் சுகந்தி.

புவனாக்கா கதிரையில் விழுந்து சிரித்தார். நாங்களும் சிரித்தோம். சிரித்துக்கொண்டிருந்தவர் சட்டென்று நின்று எங்கள் முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். "எருமைப் பாட்டுக்கு நடுவிலயும் செத்தவை வந்து நிக்கினம் என்ன" என்றார். பிறகு எழுந்துபோய் முகம் கழுவினார்.

அடுத்த வாரம் பெரிய விமர்சகர் ஒருவர் எழுதினார். அவர் பெயரை இங்கே எழுத எனக்கு விருப்பமில்லை. காணாமற்போன எருமை உண்மையில் காணாமலாக்கப்பட்ட ஒரு தலைமுறையாம். கேணித் தண்ணீர் கண்ணீராம். அந்த நீண்ட மௌனம் உலக இசையில் இதுவரை யாரும் தொடாத துணிச்சலாம். கட்டுரை பல மொழிகளுக்குப் போனது. அதைப் படித்தவர்கள் அதைப் பற்றி எழுதினார்கள். எங்கள் சுருதியைப் பற்றி, நாலு குரல் இழைந்த விதத்தைப் பற்றி, ஆண்குரல்கள் திட்டும்போது தாளம் எப்படி முறுகி விழுந்தது என்பதைப் பற்றி எவரும் ஒரு வரி எழுதவில்லை. புவனாக்கா ஒரு மாதம் உழைத்தது அந்த முறுகலுக்காகத்தான்.

அவர் விமர்சகருக்குத் தொலைபேசி எடுத்தார். நான் பக்கத்தில் இருந்தேன். "ஐயா, அது பிழை. பிள்ளையள் பாட மறந்துபோச்சினம்" என்று நடந்ததை முழுவதும் சொன்னார். மறுபக்கத்திலிருந்து நிதானமாகப் பதில் வந்தது: "பெரிய கலைஞர்களுக்குத் தாங்கள் செய்தது என்னவென்று தெரிவதில்லை அம்மா. அதைச் சொல்லத்தானே நாங்கள் இருக்கிறோம்." அடுத்த கட்டுரை புவனாக்காவின் தன்னடக்கத்தைப் பற்றி வந்தது.

அதற்குப் பிறகு அழைப்புகள் குவிந்தன. எல்லா அழைப்பிலும் ஒரே வேண்டுகோள், எருமைப் பாட்டு வேண்டும், அந்த மௌனத்தோடு வேண்டும். எவ்வளவு நேரம் நிற்பீர்கள் என்றுகூட ஒருவர் கேட்டார், மண்டப விளக்கை அணைக்க வசதியாக. புவனாக்கா ஒவ்வொன்றாக மறுத்தார். நான்கு தட்டுக்கு மேல் ஒரு தட்டும் நிற்கமாட்டோம் என்றார். அழைப்புகள் குறைந்தன. குழுவில் சிலர் கட்டாருக்குப் போனார்கள், சிலர் ஆடைத் தொழிற்சாலைக்குப் போனார்கள். எஞ்சியவர்களுக்கும் வயிறு இருந்தது. ஒரு நாள் பழகி முடிந்ததும் எங்களில் ஒருவர் கேட்டேவிட்டார்: "கொஞ்ச நேரம் சும்மா நிண்டால் என்னக்கா? அதுக்குத்தானே காசு தருகினம்."

அவர் கோபப்படுவார் என்று நினைத்தோம். கோபப்படவில்லை. மெதுவாகத்தான் கதைத்தார். அவருடைய தம்பி கடைசிச் சண்டையில் காணாமல்போனவர். வீதியோரக் கொட்டகையில், காணாமல்போன பிள்ளைகளைத் தேடிப் போராடும் தாய்மாரோடு தம்பியின் படத்தை மடியில் வைத்துக்கொண்டு அவர் வெயிலில் இருந்ததை நீங்கள் கண்டிருப்பீர்கள். அங்கே எத்தனையோ பேர் கேட்டும் அவர் பாடியதில்லை. பாட்டுப் பழகும் இடத்தில் தம்பியின் பேச்சை எடுத்ததும் இல்லை. அன்றைக்குத்தான் எடுத்தார். "என்ர தம்பியைத் தேடுறன் எண்டால் அவன்ர பேரைச் சொல்லித் தேடுவன். எருமையெண்டு சொல்லியோ தேடுவன்?" என்றார். பிறகு, "பெரிய பாகவதர் ஒருத்தர் சுருதி விட்டால், விட்டார் எண்டு எழுதுவாங்கள். நாங்கள் விட்டால் வரலாறு எண்டு எழுதுறாங்கள். எங்களுக்கு ஒரு பிழை விடவும் உரிமை இல்லையோ?" என்று கேட்டார். காசுக் கதை எடுத்தவர் தலையைக் குனிந்துகொண்டார். அதற்குப் பிறகு எங்களில் எவரும் அந்தக் கதையை எடுக்கவில்லை.

கடைசியாக முல்லைத்தீவில் ஒரு கச்சேரி செய்தோம். எல்லாம் புதுப் பாட்டுகள். பாதி மண்டபம் வெறுமை. கொழும்பிலிருந்து எழுதுகிறவர் எவரும் வரவில்லை. முடிந்ததும் ஓய்வுபெற்ற சங்கீதப் பரிசோதகர் ஒருவர், ஊரில் ஒருவரோடும் ஒத்துப்போகாத மனிதர், படியேறி வந்து எல்லோருக்கும் முன்னால் சத்தம் போட்டார்: "நாலாவது பாட்டு என்ன ஓட்டம் ஓடுறியள்? ஒரு சொல்லும் விளங்கேல்லை!" எங்களுக்குச் சுருக்கென்றது. புவனாக்கா அவருடைய இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். திரும்பி வரும்போது பஸ் முழுவதும் அதே கதைதான். "கேட்டியளோ, அந்த மனுசன் எங்களைக் கேட்டிருக்கு! காதால கேட்டிருக்கு!" அவ்வளவு சந்தோசமாக நான் அவரைக் கண்டதில்லை. ஒரு கலைஞருக்கு ஒரு திட்டுத்தான் பரிசாகக் கிடைத்தது என்பதை நினைக்க இப்போதும் வயிறு எரிகிறது.

வண்டியைத் தள்ளிக்கொண்டு நான் செத்த வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தபோது குழு ஏற்கனவே வந்திருந்தது. எல்லோரும் பந்தலுக்குள் வரிசையாக நின்றோம். என்ன செய்வதென்று தெரியவில்லை. மறுநாளும் அப்படியே நின்றபோது விமர்சகரும் கொழும்பிலிருந்து வந்துவிட்டார். பெரிய மலர்வளையம். நாங்கள் பேசாமல் நிற்பதைப் பார்த்துக் கண்ணை மூடிக்கொண்டார். அதைப் பொறுக்கமுடியாமலோ என்னவோ, புவனாக்காவின் தங்கை தவமணி எழுந்து வந்தாள். அழுது தொண்டை கட்டிய குரலில் கத்தினாள்: "ஏன் ஊமையள் மாதிரி நிக்கிறியள்? அவா உங்களை இதுக்கோ பழக்கினவா? பாடுங்கோ!"

செத்த வீட்டில் எருமைப் பாட்டா என்று பெரியவர்கள் முகம் சுளித்தார்கள். நாங்கள் அதைத்தான் பாடினோம். கையசைக்க ஆள் இல்லை. ஆண்கள் எருமையைத் திட்டத் தொடங்கி நாலு வரி போவதற்குள் எங்கள் பக்கம் சுருதி இறங்கியது. அழுகை ஒரு காரணம்தான். ஆனால் பழகாததும் ஒரு காரணம், இரண்டு வாரமாக நாங்கள் ஒழுங்காகப் பழகவில்லை. சுகந்தி கையை உயர்த்தி நிறுத்தினாள். பந்தலே அமைதியாகிவிட்டது. விமர்சகரின் கன்னத்தில் கண்ணீர் வழிவதைக் கண்டேன். அவர் மனத்துக்குள் வாக்கியங்கள் கட்டிக்கொண்டிருந்தார் என்று சத்தியம் செய்வேன். நான் வரிசையை விட்டு நேரே அவரிடம் போனேன்.

"ஐயா, ஆம்பிளையள் பக்கம் சுருதி இறங்கிப்போச்சு. அதுதான் நிப்பாட்டினம். வேற ஒண்டும் இல்லை. இதை எழுதுங்கோ" என்றேன்.

அவர் என் கையைப் பற்றித் தலையை மெல்ல ஆட்டினார். நான் சொன்னது அவர் காதில் ஏறவில்லை. நான் கையை உதறிக்கொண்டு இடத்துக்கு வந்தேன். நாங்கள் பாட்டை முதலிலிருந்து சரியாகப் பாடினோம்.

புவனாக்காவிடமிருந்து எனக்கு மிஞ்சியிருப்பது இந்தக் கோபம்தான். காலம் ஆற்றும் என்கிறார்கள். ஆறவிடுவதாக எனக்கு எண்ணம் இல்லை. புவனாக்கா நல்ல பாடகர் குழு ஒன்றை நடத்தினார். அந்தக் குழு பல நாள் நன்றாகப் பாடியது, சில நாள் பிழைவிட்டது. அவரைப் பற்றி இப்படி ஒரு வரி எங்காவது அச்சில் வரவேண்டும் என்று அவர் கடைசிவரை ஆசைப்பட்டார். இதோ, வந்துவிட்டது அக்கா.