வெள்ளரிப்பிஞ்சு நிறம்

அம்மா ஷார்ஜாவுக்குப் போனபோது நான் இரண்டாம் வகுப்பு முடித்திருந்தேன். கணபதி என்ற எங்கள் பகுதியில் அப்பா வேலை பார்த்த மோட்டார் பட்டறையில் ஆர்டர் குறைந்து, வாரத்தில் பாதி நாள் அவர் வீட்டிலேயே இருக்கத் தொடங்கிய சமயம் அது. ஷார்ஜாவில் ஒரு குடும்பத்தில் பிள்ளையைப் பார்த்துக்கொள்ளும் வேலை அம்மாவுக்குக் கிடைத்தது. அந்தப் பிள்ளைக்கும் என் வயதுதான் என்று அறிந்து, எனக்கே ஒரு தோழி கிடைத்துவிட்டதுபோல நான் சந்தோஷப்பட்டேன்.

வெள்ளிக்கிழமைகளில் அம்மா போனில் பேசுவாள். சாப்பிட்டாயா, படித்தாயா எல்லாம் முடிந்த பிறகு, அந்த வீட்டைப் பற்றிச் சொல்லச் சொல்லி நான் நச்சரிப்பேன். அப்படித்தான் ஒருநாள் பாப்பாவின் அறையிலிருந்த டிரெஸ்ஸிங் டேபிளைப் பற்றிச் சொன்னாள்.

"அத்தன அழகு கண்ணு. வெள்ளையும் இல்ல, பச்சையும் இல்ல. வெள்ளரிப்பிஞ்ச நறுக்குனா உள்ளார ஒரு நெறம் இருக்குமில்ல, அது மாதிரி."

நான் அதை அப்பாவிடம் அப்படியே ஒப்பித்தேன். எங்கள் வீட்டில் அம்மாவுக்கு என்று இருந்தது ஜன்னல் கம்பியில் செருகிய ஒரு கைக்கண்ணாடி மட்டும்தான். அப்பா 'ஓ' என்றதோடு சரி. ஆனால் அம்மா முதல் விடுமுறைக்கு வருகிறாள் என்று தெரிந்ததும், ஒரு ஞாயிற்றுக்கிழமை என்னை உக்கடத்துக்கு, பழைய சாமான் கடைகளுக்கு அழைத்துப்போனார். கால் ஒடிந்த நாற்காலிகளுக்கும் கதவில்லாத பீரோக்களுக்கும் நடுவே அது நின்றது. கறுத்துப்போன தேக்கு டிரெஸ்ஸிங் டேபிள். கண்ணாடியின் ஓரத்தில் யாரோ ஒட்டிவைத்து மறந்துபோன மெரூன் பொட்டு.

கடைக்காரப் பாய் மேசையை ஒரு தட்டுத் தட்டிக் காட்டினார். "மரம் கல்லாட்டம் இருக்குதுங்க. மேல மட்டும் கொஞ்சம் பாத்துட்டீங்கன்னா புதுசுதானுங்க."

அந்தக் 'கொஞ்சம்' எங்களுக்கு இரண்டு வாரம் பிடித்தது. அப்பா ஆணிகளை முடுக்கினார், ஓட்டைகளில் பட்டி வைத்து அடைத்தார். நான் உப்புத்தாள் வைத்துத் தேய்த்தேன். பழைய வார்னிஷ் பொடியாக உதிர்ந்து என் இமையிலெல்லாம் படிந்தது. பெயிண்ட் வாங்கப் போனபோது கையோடு ஒரு வெள்ளரிப்பிஞ்சையும் கொண்டுபோனோம். கல்லாவில் இருந்தவர் முன்னால் அதை இரண்டாக ஒடித்து, "இந்த நெறம் வேணுங்க" என்றார் அப்பா. கடைக்காரர் ஒரு பாதியை வாங்கிக் கடித்துக்கொண்டே வெள்ளையில் பச்சையைச் சொட்டுச் சொட்டாகக் கலந்தார். முதல் கோட்டு காய்ந்ததும் அது பஸ் ஸ்டாண்டுச் சுவர் மாதிரி ஆகிவிட்டது. மறுபடியும் கடைக்கு ஓடி, மறுபடியும் கலந்தோம். கடைசிக் கோட்டு காய்ந்த அன்று அப்பா தள்ளி நின்று பார்த்துவிட்டு, "உங்கம்மா அசந்து போயிருவா" என்றார்.

அம்மா வந்தாள். சற்று இளைத்திருந்தாள். வேறு ஏதோ சோப்பின் வாசனை வந்தது. பெட்டியைத் திறக்கக்கூட விடாமல் கையைப் பிடித்து உள்ளே இழுத்துப்போய், போர்த்தியிருந்த பெட்ஷீட்டை நான் உருவினேன்.

அம்மா முந்தானை நுனியை எடுத்துத் துடைக்க ஆரம்பித்தாள். முதலில் கண்ணாடி, பிறகு மேல்பலகை, பிறகு இழுப்பறைகளின் கைப்பிடி ஒவ்வொன்றும், கடைசியில் குனிந்து நான்கு கால்களும். துடைத்து முடித்ததும் ஓர் ஓரமாக ஒதுங்கி நின்றாள்.

"உனக்குத்தான் அம்மணி. உக்காரு" என்றார் அப்பா.

"நல்லா இருக்குதுங்க" என்றாள் அம்மா. உட்காரவில்லை. என்னை அதன் முன்னால் கிடந்த முக்காலியில் உட்கார்த்திவைத்து, "இருங்க கண்ணு, அம்மா சடை போட்டுடறேன்" என்று சீப்பை எடுத்தாள்.

முன்பெல்லாம் வலிக்க வலிக்க இழுத்து இரட்டைச் சடை போடுகிறவள். அன்று அவள் கை பூப்போல இருந்தது. உச்சியிலிருந்தே முடியைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்து, தலையோடு படிய ஒரு புதுச் சடை பின்னினாள். எங்கள் தெருவில் யாருக்கும் அப்படி ஒரு சடை கிடையாது. அம்மாவின் விடுமுறை முழுக்க எனக்குத் தினமும் அதே சடைதான். பள்ளியில் பிள்ளைகள் தொட்டுப் பார்த்தார்கள். நான் தலையை ஆட்டாமல் நடந்தேன்.

அம்மா மட்டும் பொட்டு வைக்கவும் ஜன்னல் கண்ணாடிக்கே போனாள். நிறம் சரியாக வரவில்லை போலிருக்கிறது என்று நான் அப்பாவிடம் வருத்தப்பட்டேன். "நெறத்துல ஒன்னுமில்ல சாமி" என்று சொல்லிவிட்டு அப்பா வெளியே போய்விட்டார்.

அம்மா ஷார்ஜாவுக்குத் திரும்பிய மறுநாள் காலையில் நான் சீப்போடு அந்த முக்காலியில் உட்கார்ந்திருந்தேன். அப்பா எவ்வளவோ முயன்றார். பட்டறையில் மோட்டாருக்குச் சுற்றும் செம்புக் கம்பி அவர் சொன்னபடி கேட்கும். என் முடி கேட்கவில்லை. பாதிப் பின்னலில் பள்ளிக்கு நேரமாகிவிட்டது. ரிப்பனால் கட்டி அனுப்பினார். வகுப்பில் யாரும் என் தலையைத் தொடவில்லை. அம்மாவின் விரல்கள் உச்சந்தலையில் ஊர்வதுபோல எனக்கு மட்டும் அன்று முழுக்க இருந்துகொண்டே இருந்தது. இன்றும், அழகு நிலையத்தில் யாராவது என் முடியைக் கோதும்போது ஒரு கணம் கண்ணை மூடிக்கொள்கிறேன்.

அந்த வெள்ளிக்கிழமை அம்மா போன் செய்ததும் முதல் வேலையாகக் கேட்டேன்.

"அம்மா, அந்தப் பாப்பாவுக்கும் இதே சடைதான் பின்னி உடுவீங்களா?"

"அலோ, அலோ" என்றேன். மூச்சு விடுவதுபோல ஏதோ கேட்டது. அப்புறம் அதுவும் இல்லை.

சிக்னல் சரியில்லை என்றுதான் நினைத்தேன். போனைக் காதிலிருந்து எடுக்காமலேயே படியேறி மொட்டைமாடிக்கு ஓடினேன். "அம்மா, இப்பக் கேக்குதுங்களா? இப்பக் கேக்குதுங்களா?" என்று, வெயிலில் ஒவ்வொரு மூலையாகப் போய் நின்று கத்திக்கொண்டிருந்தேன்.