வெறும் பெட்டி போகும் வழி

போன வெள்ளிக்கிழமை ஜும்மா தொழுகை முடிந்து கடைக்கு வந்தால், ஆசாரி மாரிமுத்து உளியைக் கீழே வைத்துவிட்டு எழுந்து நின்றார். "மொதலாளி, நம்ம பூச்சி சார் போயிட்டாராம். ஒட்டன்சத்திரத்துல மக வீட்டுல இருந்திருக்காரு. லாரிக்காரரு சொல்லிட்டுப் போறாரு" என்றார். "கடைசியா என்ன கேள்வி கேட்டாராம்?" என்றுதான் என் வாயில் முதலில் வந்தது. துக்கம், வீட்டுக்குப் போய்ச் சோற்றில் கை வைத்த பிறகு வந்தது.

விவசாய இலாகாவில் பயிர்ப் பாதுகாப்பு அதிகாரியாக இருந்த கதிரேசன் என்றால் திண்டுக்கல்லில் பாதிப் பேருக்குத் தெரியாது. பூச்சி சார் என்றால் சாணார்பட்டி கத்தரித் தோட்டம் வரை தெரியும். மருந்து கேட்டு அவரிடம் போன உங்களில் யாரும், முப்பது கேள்விக்குப் பதில் சொல்லாமல் திரும்பியிருக்க மாட்டீர்கள். நான் மருந்துக்காகப் போகவில்லை.

பத்து வருஷம் இருக்கும். வேடசந்தூர்ப் பக்கம் ஒரு நூற்பாலைக்கு வெளிநாட்டிலிருந்து இயந்திரங்கள் வந்தன. அவை வந்த பெட்டிகளைப் பிரித்த பைன் பலகைகளை நான் மொத்தமாக எடுத்தேன். பழப்பெட்டி அடிப்பது என் தொழில். ஒரு நாள் மாரிமுத்து ஒரு பலகையைக் காதில் வைத்துக்கொண்டு, "உள்ள என்னமோ அறுக்குது மொதலாளி" என்றார். அடுத்த வாரம் அதில் பென்சில் பருமனுக்கு ஒரு துளை விழுந்து, குளவி மாதிரி நீளமாக, நீலக் கறுப்பாக ஒன்று வெளியே வந்தது. செருப்பால் ஒரே போடு போட்டேன். என்னவென்று பார்க்கும் ஆசை அதற்கப்புறம்தான் வந்தது. தீப்பெட்டியில் போட்டு அவரிடம் எடுத்துப் போனேன்.

"ஏன் பாய் அடிச்சீங்க? இம்புட்டுத் தூரம் கப்பல்ல வந்தவருக்கு இதுதான் மரியாதையா?" என்றார். நசுங்கியதை ஆராய்ச்சி நிலையத்துக்கு அனுப்பினார். இந்த நிலையில் இனம் சொல்ல முடியாது, ஆனால் இதன் உறவுப் பூச்சிகளில் சில உயிருள்ள பைன் மரத்தையே கொல்லக்கூடியவை என்று பதில் வந்தது. அன்று முதல் மனிதர் என் கடையே கதி என்று ஆனார். இன்னொன்று வந்தால் முழுசாகப் பிடிக்க வேண்டும் என்று, என் பலகைகளில் பத்தைக் கொண்டுபோய்த் தன் கொசுவலைக்குள் வைத்தார். பலகைகள் வலைக்குள் தூங்கின, அவர் வெளியே கொசுக்கடியில் கிடந்தார். ஒன்றும் வரவில்லை.

"பெட்டி எங்கெங்க போகும் பாய்?" என்று கேட்டார். ஒட்டன்சத்திரம், மதுரை, கேரளம் என்று வரிசையாகச் சொன்னேன். எல்லாம் சமவெளி அல்லது பைன் இல்லாத ஊர். பைன் இல்லாத இடத்தில் இந்தப் பூச்சிக்குப் பிழைப்பில்லை, ஆகவே ஆபத்து குறைவு என்று அறிக்கை எழுதி அனுப்பிவிட்டு, நல்ல செய்தி சொல்ல அவரே வந்தார். டீ வாங்கிக் கொடுத்தேன். வாசலில் லாரியில் பெட்டி ஏறிக்கொண்டிருந்தது.

"உள்ள ஒண்ணுமில்லையே, இது எங்க போகுது?" என்றார்.

"கொடைக்கானலுக்கு சார். வெறும் பெட்டி மேல போகும், பேரிக்காயோட கீழ வரும்."

டீயைக் கீழே வைத்துவிட்டார். நான் மறைக்கவில்லை என்பதை இப்போதும் சத்தியம் செய்து சொல்வேன். எங்கள் தொழிலில் சரக்கு போவதுதான் போவது. வெறும் பெட்டி போவதைப் போவதாகவே நாங்கள் நினைப்பதில்லை. மலையில் வனத்துறை அப்போதுதான் பைன் கன்றுகளை நட்டு வளர்த்துக்கொண்டிருந்தது. அந்தக் கன்றுகளுக்குப் பக்கத்திலேயே எங்கள் பெட்டிகள் வாரக்கணக்கில் அடுக்கிக் கிடக்கும்.

"முதல் ரிப்போர்ட்டே இருக்கட்டும் சார், யாருக்குத் தெரியப்போகுது?" என்று கெஞ்சினேன். பேரிக்காய் சீசன் தொடங்கியிருந்தது. அந்தப் பலகைகளை விட்டால் எனக்கு வேறு மரம் கிடையாது.

"பூச்சிக்குத் தெரியுமே பாய்" என்றார்.

அன்றே லாரியை நிறுத்தினார். தன் முதல் அறிக்கை தவறு என்று தன் கையாலேயே எழுதி அனுப்பினார். மேலிடத்தில் வாங்கிக் கட்டிக்கொண்டார் என்று பிறகு கேள்விப்பட்டேன். உத்தரவு வந்து என் பலகைகள் எல்லாம் பொட்டலில் எரிந்தன. எரிப்பதற்கு முன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, மாரிமுத்துவோடு உட்கார்ந்து அவரே பலகைகளைப் பிளந்தார். காலி வளைகள்தான் இருந்தன, ஒரு புழுகூட இல்லை.

"ஒண்ணுமில்லைல்ல சார், மிச்சத்தை விட்டுடலாமே" என்றேன்.

"பொளந்ததுல இல்ல. பொளக்காததுல என்ன இருக்குன்னு நீங்க சொல்லுங்க, விட்டுடுறேன்."

மிச்சமும் எரிந்தது. அந்த சீசன் முழுக்க என் கடையில் சுத்தியல் சத்தம் இல்லை. மாரிமுத்து வேலை தேடி மதுரைக்குப் போய்விட்டார், மறு வருஷம்தான் திரும்பினார். எதிரில் வந்தால் பூச்சி சார் சலாம் வைப்பார், நான் முகத்தைத் திருப்பிக்கொள்வேன். இருந்த இடத்தில் இருந்திருக்க வேண்டிய பூச்சியைத் தீப்பெட்டியில் சுமந்துபோன என் மீதும் எனக்குக் கோபம்தான்.

மூன்று வருஷத்துக்கு முன் பேரிக்காய் விலை பேச மலைக்குப் போனேன். அந்தக் கன்றுகள் அண்ணாந்து பார்க்கும் உயரத்துக்கு வளர்ந்திருந்தன. ஒவ்வொரு மரமாகத் துளை தேடிக்கொண்டு அரை நாள் சுற்றினேன். ஒன்றும் இல்லை. கீழே இறங்கியதும் கடைக்குப் போகாமல் நேரே அவர் வீட்டுக்குப் போனேன்.

"மரமெல்லாம் நல்லா இருக்கு சார். நீங்க எரிச்சதாலயா, இல்ல சும்மா விட்டிருந்தாலும் இப்படித்தான் இருந்திருக்குமா?"

"தெரியாது பாய்" என்றார். "அது தெரியணும்னா எரிக்காம இருந்து பாத்திருக்கணும்."

'ஆமாம், நான்தான் மலையைக் காப்பாற்றினேன்' என்று அவர் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். நான் நம்பியிருப்பேன், என் நஷ்டத்துக்கும் ஓர் ஆறுதல் கிடைத்திருக்கும். அவர் சொல்லவில்லை. ஓர் அதிகாரி கூச்சமில்லாமல் சொன்ன அந்தத் "தெரியாது" ஒன்றைத்தான் அவரிடமிருந்து எனக்கென்று வைத்துக்கொண்டிருக்கிறேன். என் கோபம் அன்றைக்கே போய்விட்டது. அதை அவரிடம் சொல்லாமல், அவர் கொடுத்த டீயைக் குடித்துவிட்டு வந்துவிட்டேன்.