ஊத்துக்குளி வெண்ணெய் கேக்கு

அஸ்தினாபுரத்தில் அமலராணியின் கிறிஸ்துமஸ் கேக்கைத் தின்றவர்கள் எல்லாரும் ஒரே கேள்வியைத்தான் கேட்பார்கள். "இவ்ளோ மெத்துனு வருதே, வெண்ணெய் எங்க வாங்குறீங்க?" அமலராணி தரையைப் பார்த்துக்கொண்டே, "ஊத்துக்குளிலேர்ந்து ஒரு ஆள் கொண்டு வர்றாரு" என்பாள். ஊத்துக்குளி எந்தத் திசையில் இருக்கிறது என்றுகூட அவளுக்குத் தெரியாது.

அந்தப் பொய் பிறந்தது எண்பத்தாறில். பண்டிகைக்கு முந்தின நாள் குரோம்பேட்டை முழுக்க அலைந்தும் வெண்ணெய் கிடைக்கவில்லை. சர்க்கரையைப் பொடித்தாயிற்று, முட்டையும் வாங்கியாயிற்று. அலமாரியைத் திறந்தால், தலைக்குத் தேய்க்கிற தேங்காய் எண்ணெய் மார்கழிக் குளிரில் டப்பாவுக்குள் வெள்ளை வெளேரென்று உறைந்து உட்கார்ந்திருந்தது. பார்த்தால் சாட்சாத் வெண்ணெய். அள்ளிப் போட்டுச் சர்க்கரையோடு அடித்தாள். நுரைத்துக்கொண்டு வந்தது. வாசனையை அமுக்க ஏலக்காயையும் ஆரஞ்சுத் தோலையும் தாராளமாகப் போட்டாள். கேக்கு தலையணை மாதிரி எழும்பியது. கணவர் ஏசுபாதம் ஒன்றும் சொல்லாமல் தின்றார். அவர் எதைக் கொடுத்தாலும் ஒன்றும் சொல்லாமல் தின்கிற மனுஷன், அவரை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது. ஆனால் தெருவே புகழ்ந்தது. அதற்கப்புறம், தலைக்குத் தேய்ப்பதை உங்களுக்குத் தின்னக் கொடுத்தேன் என்று சொல்ல யாருக்குத் தைரியம் வரும்?

ஒரு வருஷம் மனசாட்சி உறுத்தி, நிஜ வெண்ணெயே போட்டுப் பார்த்தாள். "ஊத்துக்குளி ஆள் இந்தத் தடவை ஏமாத்திட்டான் போல" என்றார்கள். அதோடு மனசாட்சியும் வாயை மூடிக்கொண்டது.

வினை ஒரு மே மாதத்தில் வந்தது. எதிர்வீட்டு தபீதாளின் மகளுக்கு நிச்சயம். "மாப்பிள்ளை வீட்ல கடைக் கேக்கு வாங்கலாம்னாங்க. எங்க ராணி கேக்கு முன்னாடி அதெல்லாம் நிக்காதுனு சொல்லிட்டேன்" என்றாள் தபீதாள். அமலராணிக்கு உச்சி குளிர்ந்தது. சரி என்றுவிட்டாள்.

நிச்சயத்துக்கு முந்தின நாள் காலை டப்பாவைத் திறந்தால், அக்கினி நட்சத்திர வெயிலில் எண்ணெய் தண்ணீராக ஆடிக்கொண்டிருந்தது. கை கடுக்க அடித்தும் நுரைக்கவில்லை. வெந்து வந்தது கேக்கில்லை, அடை. ஏசுபாதம் அதையும் ஒன்றும் சொல்லாமல் தின்றார். அமலராணிக்கு அழுகையே வந்துவிட்டது. இத்தனை வருஷத்தில் அவள் சம்பாதித்த ஒரே பெயர் அந்தக் கேக்கு. அது நாளைக்கு ஊர் பார்க்கப் போய்விடும்.

தெருவில் ஃப்ரிட்ஜ் இருந்தது பக்கத்து வீட்டு லோகநாயகியிடம் மட்டும்தான். அவள் கணவர் சம்பந்தம் நெல் வயலை மனை போட்டு விற்ற கையோடு வாங்கியது. அமலராணி புது எண்ணெய் டப்பா ஒன்றைத் துண்டில் சுற்றிக்கொண்டு போனாள்.

"அக்கா, இத சாயங்காலம் வரைக்கும் ஃப்ரிட்ஜ்ல வச்சுக்கட்டுமா?"

"தேங்காண்ணையா? இன்னாத்துக்கு ராணி?"

"தலைச்சூட்டுக்குக்கா. குளிர வச்சுத் தேய்ச்சா நல்லதாம், டாக்டர் சொன்னாரு."

சாயங்காலம் போய்க் கதவைத் தட்டினால், லோகநாயகி உச்சி முதல் நெற்றி வரை எண்ணெய் மினுமினுக்க நின்றாள். டப்பாவில் பாதிதான் இருந்தது.

"கோச்சிக்காத ராணி. நானும் கொஞ்சம் வச்சிகினேன். மண்டைக்குள்ள ஊட்டி மாதிரி கீது."

அமலராணி அழுவதா சிரிப்பதா என்று தெரியாமல் டப்பாவையும் கொஞ்சம் ஐஸையும் வாங்கிக்கொண்டு ஓடிவந்தாள். பாத்திரத்தை ஐஸ் தண்ணீரில் இறக்கி வைத்து அடித்தாள். நுரைத்தது. எழும்பவும் எழும்பியது. அளவு கொஞ்சம் சின்னதுதான், ஆனால் மானம் காக்கப் போதும்.

நிச்சயத்தன்று கேக்கு மேசை நடுவே வீற்றிருந்தது. முன்வரிசையில் லோகநாயகி, வழித்து வாரிய தலையோடு. ஒரு துண்டை வாயில் போட்டாள். மென்றுகொண்டிருந்த வாய் சட்டென்று நின்றது. பின்னலை மெதுவாக முன்னால் இழுத்து மோந்து பார்த்தாள். பிறகு கையிலிருந்த கேக்கை மோந்தாள். மறுபடியும் பின்னலை. அப்புறம் நேராக அமலராணியைப் பார்த்தாள். அமலராணி தரையைப் பார்த்தாள்.

அந்த நேரம் பார்த்துத்தான் மாப்பிள்ளையின் அம்மா, "கேக்கு ரொம்ப நல்லா இருக்குங்க. என்ன வெண்ணெய் போட்டீங்க?" என்று கேட்டாள். அமலராணி வாயைத் திறப்பதற்குள் லோகநாயகி முந்திக்கொண்டாள்.

"ஊத்துக்குளி வெண்ணெய்மா. அசல் சரக்கு. நானே தலைக்கு அதான் வச்சிகினு கீறேன்."