மாமாவின் ஆட்டத்தை ஃபோனுக்கு மாற்றிய கதை

என் மாமா, அம்மாவின் அண்ணன், கல்யாண வீட்டில் யாராவது இடுப்பை அசைத்தால் பந்தியை விட்டே எழுந்துவிடுவார். "நம்ம குடும்பத்துல எவனும் மேடையேறி ஆடுனதில்ல" என்பார். அவர் மகளுக்குக் கல்யாணம் நிச்சயமானது. வரவேற்பில் தோழிகளோடு ஒரு பாட்டுக்கு ஆட வேண்டும் என்று அவளுக்கு ஆசை. மாமா முடியாது என்றுவிட்டார். அவள் நாமகிரிப்பேட்டையிலிருந்து ஸ்கூட்டியில் நேராக எங்கள் வீட்டுக்கு வந்து, மூக்கை உறிஞ்சிக்கொண்டு உட்கார்ந்தாள்.

அம்மா அவளுக்கு மோர் கொடுத்தாள். "உங்கொப்பன் ஆடுனதில்லையாமா? இவ காதுகுத்துல மேளக்காரனுக்கே மூச்சு வாங்க வெச்ச ஆளு" என்றாள், என்னைக் காட்டி.

எனக்கே அது புதுச் செய்தி. என் காதுகுத்து வீடியோவை எங்கள் வீட்டில் யாரும் முழுதாகப் பார்த்ததில்லை. மொட்டைத் தலையோடு நான் வீறிடுவதே அதில் பாதி. கேசட்டிலிருந்து என்றோ கம்ப்யூட்டருக்கு ஏற்றி வைத்தது, பழைய ஹார்டு டிஸ்க் ஒன்றில் கிடந்தது. எடுத்து ஃபோனில் போட்டால், இந்த வகைக் கோப்பைத் திறக்க முடியாது என்றது ஃபோன்.

"பஸ் ஸ்டாண்டு ஸ்டுடியோவுல குடுத்தா மாத்தித் தருவாங்க அத்தே" என்றாள் மாமா மகள்.

"நல்லாக் குடுத்த! அவன் உங்கொப்பங்கூடச் சீட்டாடறவன். நீ படியெறங்கறதுக்குள்ள சேதி போயிரும்" என்றாள் அம்மா.

இணையத்தில் தேடினேன். பெரும்பாலான தளங்கள் வீடியோவைத் தங்களுக்கு அனுப்பச் சொல்லின. ஒன்றில் மட்டும், கோப்பு எங்கும் போகாது, உங்கள் கம்ப்யூட்டரிலேயே, பிரவுசருக்குள்ளேயே மாறிவிடும் என்று போட்டிருந்தது. அம்மாவிடம் வாசித்துக் காட்டினேன்.

"அவன் அப்பிடித்தான் சொல்லுவான். எந்தக் கள்ளன் நாங் கள்ளன்னு சொல்லீட்டு வாரான்?"

"நெட்டை நிறுத்தீட்டு மாத்திப் பார்க்கலாம்மா. வெளிய அனுப்பறதா இருந்தா மாறாம நின்னு போயிரும்."

அம்மாவுக்கு இந்த யோசனை ரொம்பப் பிடித்துவிட்டது. பக்கம் திறந்து முடிந்ததும் தானே போய் மோடத்தின் ஸ்விட்சை அணைத்தாள். அதோடு விடவில்லை. எங்கள் மூவரின் ஃபோனையும் அணைத்து, அரிசி டப்பாவுக்குள் போட்டு மூடினாள். அப்புறம்தான் என்னைப் பட்டனை அழுத்த விட்டாள். பச்சைக் கோடு எறும்பு போல ஊர்ந்தது. லேப்டாப்பின் விசிறி, ஆழ்துளைக் கிணறு போடும் போர்வண்டியின் கம்ப்ரசர் மாதிரி இரைந்தது. கோடு கடைசி வரை போய் நின்றது.

"நெசமாவே எங்கயும் போவல!" என்றாள் அம்மா, கள்ளன் அகப்படாத வருத்தத்தோடு.

மாறிய வீடியோவை லேப்டாப்பிலேயே ஓட்டிப் பார்த்தோம். வேட்டியை மடித்துக் கட்டி, துண்டைத் தலையில் சுற்றி, மீசைக்காரராக மாமா வந்தார். மேளக்காரரை முட்டிவிடுவார் போல நெருங்கி நெருங்கி ஆடினார். மாமா மகள் சிரித்துச் சிரித்துப் பாயில் சாய்ந்துவிட்டாள். அப்போது ஓரத்தில் நீலச் சேலை கட்டிய ஒரு பெண் இரண்டு விரலை வாயில் வைத்து, காது கிழிய விசிலடித்தாள்.

"அட கெரகமே!" என்றாள் அம்மா. அது அவளேதான். "சாமி, அந்த எடத்தை மட்டும் வெட்டீரு."

"இதுல மாத்தத்தான் முடியும், வெட்ட முடியாதும்மா" என்றேன். திரையின் மூலையில் வெட்டுவதற்கான கத்தரிக்கோல் படம் இருந்தது. அதை உள்ளங்கையால் மறைத்துக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை கல்யாணப் பேச்சுக்காக எல்லோரும் மாமா வீட்டுக்குப் போனோம். அப்பாவும் வந்தார். அம்மா என் ஃபோனை மாமா கையில் கொடுத்தாள். அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, முகத்தில் ஓர் அசைவும் இல்லாமல் கடைசி வரை பார்த்தார்.

"நான் என்ன சொன்னேன் அம்மிணி? மேடையேறி ஆடுனதில்லைன்னேன். இது தரை" என்றார்.

"அப்ப நாங்களும் தரையிலயே ஆடிக்கறம்ப்பா" என்றாள் மகள் பட்டென்று.

அடுக்களையில் மாமாவின் மனைவிதான் முதலில் சிரித்தார். மாமா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மறுபடி மாட்டினார். "ஒரே பாட்டு. அதும் மேளம் வெச்சு ஆடோணும். அந்த ஸ்பீக்கர் பொட்டிச் சத்தமெல்லாம் ஆகாது" என்றார். பிறகு வீடியோவை இன்னொரு தரம் ஓட்டச் சொன்னார்.

இந்த முறை அப்பாவும் எட்டிப் பார்த்தார். விசில் வந்த இடத்தில் நிமிர்ந்து அம்மாவைப் பார்த்தார்.

"ஏம்புள்ள, இத்தன வருசமா மக்காச்சோளக் காட்டுல மயில் முடுக்கறதுக்கு நான் தகரம் தட்டிக்கிட்டுக் கெடக்கறேன். நீ இப்பிடி ஒண்ணை வாயில வெச்சுக்கிட்டுச் சும்மாவா இருந்த?"

"நீங்க கேக்கவே இல்லீங்களே!" என்றாள் அம்மா.

மறுநாள் காலையில் காட்டுப் பக்கமிருந்து நீளமாக ஒரு விசில் கேட்டது. மயில்கள் தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டு மேய்ச்சலைத் தொடர்ந்தனவாம். பக்கத்துத் தோட்டத்துக்காரர்தான் என்னவோ ஏதோ என்று மண்வெட்டியோடு ஓடி வந்துவிட்டாராம்.