இரண்டாவது பிராசசரும் ஆடிப்பெருக்கும்

போன வாரம் மகளுக்கு ஆன்லைனில் வேலைக்கான நேர்காணல். நடுவில் லேப்டாப் திரை சட்டென்று இருண்டுபோனது. தானாகவே சரியாகி, அவளுக்கு வேலையும் கிடைத்துவிட்டது. கதவிடுக்கில் நின்று பார்த்த எனக்குத்தான் இன்னும் படபடப்பு அடங்கவில்லை. கறுத்த திரையைக் கண்டால் அச்சு மை வாசனை மூக்கில் ஏறிவிடுகிறது.

இரண்டாயிரத்தின் ஆரம்ப வருடங்கள். விருதுநகரிலிருந்து பஸ் ஏறி, சிவகாசியில் ஒரு காலண்டர் கம்பெனிக்கு டிசைன் வேலைக்குப் போவேன். உட்கார இடம் கிடைத்த நாளெல்லாம் நல்ல நாள். அது இருக்கட்டும். அடுத்த வருடத்துக் காலண்டர் ஆல்பத்தை அங்கே ஆடிப்பெருக்கன்று பூஜை போட்டு வெளியிடுவார்கள். அதைக் காட்டித்தான் ஏஜெண்டுகள் ஆர்டர் பிடிப்பார்கள். ஆல்பம் தவறினால் சீசனே போச்சு.

எங்கள் கம்ப்யூட்டரோ, முருகனின் மயிலுக்கு நிழல் போடச் சொன்னால் நான் டீ குடித்துவிட்டு வரும்வரை யோசிக்கும். ஒருநாள் மெக்கானிக் செல்வம் தூசி தட்ட மூடியைத் திறந்தபோது முதலாளி அண்ணாச்சி எட்டிப் பார்த்தார். மதர்போர்டில் பிராசசருக்கு இரண்டு இடம், ஒன்று காலி.

"என்னலே, ஒரு வீடு சும்மா பூட்டிக் கெடக்கு?"

"இன்னொண்ணு போடலாம் அண்ணாச்சி. வேகம் கூடும்."

மறுநாளே அண்ணாச்சி மதுரைக்குப் போய் வாங்கி வந்துவிட்டார். அதே கம்பெனி, அதே வேகம். செல்வம் மாட்டி சுவிட்சைப் போட்டான். திரை கறுப்பு. பீப் பீப் என்று ஒரே அலறல். தனித்தனியாக மாட்டினால் இரண்டும் ஓடின. சேர்த்தால் கறுப்பு.

"பொண்ணும் நல்ல பொண்ணு, மாப்பிள்ளையும் நல்ல மாப்பிள்ளை. சேத்து வச்சாத்தான் ஆகல" என்றேன். யாரும் சிரிக்கவில்லை. ஆடிப்பெருக்குக்கு ஒரு வாரம்தான் இருந்தது.

செல்வம் இரண்டையும் மேஜையில் வைத்தான். "மேல உள்ள பொடி எழுத்து வேற வேறயா இருக்கு அண்ணாச்சி."

அச்சுப் புள்ளி பார்க்கும் லென்ஸை எடுத்துக்கொண்டு அண்ணாச்சி குனிந்தார். பேப்பர் வேறு லாட்டில், அதாவது வேறொரு தடவை தயாரானதில், வந்தால் நிறம் மாறும் என்று லாரியையே திருப்பி அனுப்புகிற மனிதர் அவர்.

"ஏலே, லாட்டு வேறலே! ஊருக்கெல்லாம் லாட்டப் பாரு, லாட்டப் பாருன்னு கத்துறவன், நானே பாக்காம வாங்கியாந்திருக்கேன்!"

மிஷின் ரூமிலிருந்து ஒரு குரல்: "லோடத் திருப்பி அனுப்பிருவமா அண்ணாச்சி?"

இப்போது எல்லோரும் சிரித்தோம். அதிகம் சிரித்தவர் அண்ணாச்சிதான்.

பழைய பிராசசரைப் பத்திரமாகப் பொதிந்து டிபன் பாக்ஸில் வைத்துக்கொண்டு, செல்வத்தோடு மறுபடி மதுரைக்குப் போனார். கடை கடையாக ஏறி, அதே லாட்டில் ஒன்றைப் பிடித்தார்கள். மாட்டி சுவிட்சைப் போட்டதும், எல்லாம் சரி என்பதுபோல் ஒரே ஒரு பீப். திரை வெளுத்தது. இரண்டு பிராசசரையும் அது கண்டுகொள்ளும்படி விண்டோஸையும் புதிதாகப் போட்டபின், டீ ஆறுவதற்குள் மயிலுக்கு நிழல் விழுந்துவிட்டது. ஆடிப்பெருக்கு பூஜையில் ஆல்பத்தோடு கம்ப்யூட்டருக்கும் சந்தனப் பொட்டு வைத்தார் அண்ணாச்சி.

இன்று ஒரே சில்லுக்குள் எத்தனையோ பிராசசர்கள், பிறக்கும்போதே ஜோடி சேர்ந்து வந்துவிடுகின்றன. லென்ஸ் வைத்து லாட்டுப் பார்க்கிற வேலை இல்லை. அந்த ஒற்றை பீப்பும் போய்விட்டது. மகளின் லேப்டாப் சத்தமே இல்லாமல் விழிக்கிறது. நேர்காணலன்று திரை இருண்டபோது, என்னை அறியாமல் அந்த பீப்புக்குத்தான் காதைத் தீட்டிக்கொண்டு நின்றேன். அது வரவில்லை. மகள் மறுபடி பேசத் தொடங்கிய குரல்தான் கேட்டது.