நன்மை வாங்காத மெர்வ்

வாரக்கூல் என்ற சிற்றூரின் பங்குக் கோயிலில் மெர்வ் டக்வெல் கை படாத ஆணி ஒன்றுகூடக் கிடையாது. புல் வெட்டுவது அவர், ஒழுகும் கூரையைச் சரிபார்ப்பது அவர், திருவிழாவுக்குக் கறி சுடுவது அவர், ஈஸ்டருக்கு முந்தின இரவு, பெரிய சனியன்று, கோயில் வாசலில் நெருப்பு மூட்டுவதும் அவரேதான். கோயில் சாவிக்கொத்து அவர் இடுப்பில்தான் தொங்கும். இத்தனைக்கும் மனுஷன் ஞானஸ்நானமே வாங்காதவர்! இது அவர் மனைவி நோரீனைத் தவிர ஊரில் ஈ காக்கைக்குக்கூடத் தெரியாது.

அதெப்படித் தெரியாமல் போகும் என்று கேட்பீர்கள். கடைசி வரிசையில் உட்காருவார். ஞானஸ்நானம் பெற்றவர்களுக்கு மட்டுமே தரும் நற்கருணை அப்பமான நன்மையை வாங்க எல்லாரும் எழுந்ததும், பூசைக்குப் பிறகு எல்லாரும் குடிக்கும் தேநீருக்கு வெந்நீர் போட பக்கத்து மண்டபத்துக்கு நழுவிவிடுவார். நாற்பது வருஷமாக இதே கதைதான். பொய் சொன்னதில்லை, யாரும் கேட்டதுமில்லை.

வந்து சேர்ந்தார் புதுச் சாமியார், நைஜீரியாக்காரர், ஃபாதர் ஒபியோரா. தவக்காலத்து ஞாயிறு ஒன்றில், பூசை முடிவில் சொன்னார்: "முதியோர் இல்லத்துக்கு நன்மை கொண்டுபோற வேலைய இனிமே நம்ம மெர்வ் பாத்துக்குவாரு. அவர விட்டா வேற யாரு?" கைதட்டல் கூரையைப் பிளந்தது. கதவோரம் நின்ற மெர்வுக்கு வியர்த்துக் கொட்டியது.

தேநீர் நேரத்தில் பாடகர் குழுத் தலைவி பெர்னிஸ் விடவில்லை. "என்ன மெர்வ், பேயறைஞ்ச மாதிரி நிக்கிற? கெழவிங்கன்னா அவ்வளவு பயமா?"

"உன்னையே இத்தன வருஷமா சமாளிக்கிறேன். மத்தவங்க என்ன பெரிசு?" என்றார். ஆனால் கையிலிருந்த கேக்கைக் கடிக்காமலே தட்டில் வைத்துவிட்டார்.

வீட்டுக்குக் கார் ஓட்டிய நோரீன் சிரித்த சிரிப்பில் வண்டி கோதுமை வயலுக்குள் இறங்கப் பார்த்தது.

"சிரிக்காதடி! விஷயம் தெரிஞ்சா சாவியப் புடுங்கிட்டு அனுப்பிடுவாரு. அப்புறம் ஞாயித்துக்கெழமைல நான் எங்க போவேன்?"

"எனக்குத் தொணைக்குத்தான வர்ற? வரலேன்னாதான் என்ன?"

"மொதல்ல உனக்காகத்தான் வந்தேன்," என்றார் மெர்வ்.

நோரீனின் சிரிப்பு நின்றது. நடுரோட்டிலேயே வண்டியைக் கோயில் பக்கம் திருப்பினாள்.

கோயிலை ஒட்டிய தன் வீட்டில் ஃபாதர் முட்டையும் ரொட்டியும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். மெர்வ் சாவிக்கொத்தை மேசைமேல் வைத்தார். "ஃபாதர், நான் கத்தோலிக்கனே இல்ல. தலையில தண்ணி பட்டதே கெடையாது."

ஃபாதருக்குப் புரையேறிவிட்டது. "பெரிய சனிக்கு நெருப்பு மூட்டுறது நீங்கதானய்யா?"

"நெருப்புக்கு என்ன ஃபாதர், யாரு மூட்டினாலும் எரியும்."

"இத்தன வருஷமா ஏன் சேரல?"

"யாரும் கேக்கல. நானா கேக்க வெக்கமா இருந்துச்சு. உள்ளாளுன்னு எல்லாரும் நெனக்கிற எடத்துல போயி, உள்ள வரட்டுமான்னு எப்படி ஃபாதர் கேக்கறது?" பிறகு மனைவி பக்கம் திரும்பினார். "நீகூடக் கேக்கலியே நோரீன்."

நோரீனுக்கு அது சுருக்கென்று தைத்தது. "கல்யாணத்தன்னிக்கே எங்கப்பா சொல்லிட்டாரு, 'அவன இழுக்காத, அறுத்துக்கிட்டு ஓடிடுவான்'னு. நாக்கக் கடிச்சுக்கிட்டு இருந்தேன். ஜெபமாலையில தெனமும் மாதாகிட்டதான் கேட்டேன். உங்கிட்டயே கேட்டிருக்கணும் போல." கண் நிறைந்து வழிந்தது அவளுக்கு.

ஃபாதர் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்தார். "சரி, நான் கேக்கறேன் மெர்வ். உள்ள வர்றீங்களா?"

பெர்னிஸையே வாயடைக்கும் மெர்வ், மேசைமேலிருந்த சாவிகளை ஒவ்வொன்றாகத் தள்ளிக்கொண்டிருந்தார். நோரீன் பொறுக்க மாட்டாமல் முந்திக்கொண்டாள். "வருவாரு ஃபாதர், கண்டிப்பா…"

"நீ சும்மா இருடி," என்றார் மெர்வ், புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு. "என்னையத்தான கேக்கறாரு. நான் சொல்றேன்."