பத்தாவது வினைச்சொல்

ஐந்தாம் வகுப்பில் எங்கள் இங்கிலீஷ் மிஸ் பத்துப் பெயர்ச்சொற்களைப் போர்டில் எழுதிப்போட்டு, ஒவ்வொன்றுக்கும் இரண்டு நாளில் வினைச்சொல் கண்டுபிடித்து வரச் சொன்னார். ஒன்று விடுபட்டாலும் நாள் முழுக்க வெயிலில் நிற்க வேண்டும். ஒன்பதை எப்படியோ முடித்துவிட்டேன். பத்தாவதாக வந்த ‘டிசிஷன்’ உயிரை வாங்கியது.

அம்மா பனியன் கம்பெனியில் செக்கிங் பார்த்தாள். எனக்குத் தெரியாத இங்கிலீஷெல்லாம் அவள் மதியச் சோறு கொண்டுபோகும் போசிப் பையில் கம்பெனிக்குப் போகும். பேக்கிங்கில் அட்டைப்பெட்டிக்கு விலாசம் எழுதும் ஓர் அண்ணன் விடை எழுதித் தருவார். அன்று மட்டும் அம்மா நோட்டை வாங்கவில்லை. கம்பெனிக்கு ஆடிட்டாம். சரக்கு வாங்கும் வெளிநாட்டுக்காரர்கள், வேலையாட்களை ஒழுங்காக நடத்துகிறார்களா என்று பார்க்க ஆள் அனுப்புவார்கள். உளறினால் மறுநாளே வேலை போய்விடும் என்று சூப்பர்வைசர் மிரட்டியிருந்தார். எனக்குத் தலை பின்னிக்கொண்டே, அவர் சொல்லிக்கொடுத்த பதில்களை அம்மா மனப்பாடம் செய்தாள்.

“அஞ்சரைக்கெல்லாம் ஊட்டுக்குப் போயிருவோமுங்க. ஞாயித்துக்கெழம லீவுங்க.”

அவளுக்கும் வீட்டுப்பாடமா என்று எனக்கு ஒரே சிரிப்பு.

“இன்னைக்குக் கம்பெனிப் பக்கம் வந்துராத சாமி” என்றாள்.

கேட்டேனா? பள்ளி விட்டதும் அந்த அண்ணனைத் தேடி நோட்டோடு ஓடினேன். கேட்டில் வாட்ச்மேன் என்னை விரட்டிக்கொண்டிருந்தபோது, கழுத்தில் அடையாள அட்டையோடு ஓர் அக்கா வெளியே வந்தார். ஆடிட் பார்க்க வந்தவர். நான் நீட்டிய நோட்டை வாங்கிப் பார்த்து, சிரித்தபடி பத்தாவது விடையைச் சொல்லித் தந்தார். பிறகு அம்மா எந்த செக்ஷன் என்று கேட்டார். சொன்னேன்.

“வீட்டுக்கு எத்தனை மணிக்கு வருவாங்க?”

“ஒம்பதரை ஆயிருமுங்க. ஞாயித்துக்கெழமையும் போவாங்க.”

பெரியவர்கள் கேட்டால் மரியாதையாகப் பதில் சொல்ல வேண்டும் என்றுதானே என்னை வளர்த்திருந்தார்கள்! வாட்ச்மேன் தலையில் கைவைத்துக்கொண்டார். அந்த அக்கா அதையும் குறித்துக்கொண்டு என் கன்னத்தைத் தட்டிவிட்டுப் போனார். நல்ல மனுஷிதான். அதனால்தான் அவரை இன்றுவரை வாய்விட்டுத் திட்டக்கூட முடியவில்லை.

மறுநாள் எனக்குப் பத்துக்குப் பத்து. வீட்டுக்கு வந்தால், நாலரை மணிக்கே அம்மா வாசற்படியில் உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் போசி திறக்காமல் இருந்தது. மகளுக்கு வாய் நீளம் என்று சொல்லிக் காலையிலேயே கேட்டோடு திருப்பி அனுப்பிவிட்டார்கள். கம்பெனியில் வேறு ஒன்றும் மாறவில்லை. மற்ற பெண்கள் அன்றும் ஒன்பதரைக்குத்தான் திரும்பினார்கள். இதெல்லாம் பல வருஷம் கழித்துப் பக்கத்து வீட்டுக்காரர்கள் சொல்லித்தான் எனக்குத் தெரியும். அம்மா சொன்னதே இல்லை.

அன்று நான் ஓடிப்போய் அவள் மடியில் விழுந்தேன்.

“இனிமே தெனமும் இந்நேரத்துக்கு ஊட்டுலயே இருப்பியாம்மா?”

“ஆமா கண்ணு” என்றாள்.

நான் கைதட்டிக் குதித்தேன்.